ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மொச்சை



சென்ற மாதக் கூட்டங்களில் வீட்டுச் செலவை எழுதிப் பார்த்தோம் அல்லவா? முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கம் பல குழுக்களில் ஒரே கணக்குதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் போகிற பணம் மாதச் சேமிப்பைவிட அதிகம். "கறி இல்லாட்டி எங்க வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவார்" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: "அந்தக் கறியில உங்களுக்கு எத்தனை துண்டு வரும்?" சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்த பிறகு நமக்கு மிஞ்சுவது வெறும் குழம்புதானே.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நம் குழுவில் 12 பேர் என்றால் ஆறு பேராவது இருப்போம். அதனால்தான் இந்த மாதம் பயறு வகைகளைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் கணக்கு. கால் கிலோ ஆட்டுக்கறி இன்று 200 ரூபாய்க்குக் குறையாது. கால் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவு, 45 முதல் 50 கிராம். கடலையை ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஐந்து பேர் தட்டிலும் விழும், நம் தட்டிலும் விழும். பிராய்லர் கோழியோடு ஒப்பிட்டால் இவ்வளவு வித்தியாசம் வராது, ஆனாலும் பயறுதான் மலிவு.

பயறில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். கறியில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். பயறில் உள்ளதை அப்படி எடுக்காது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கூட ஒரு நெல்லிக்காய் சாப்பிடுவது இதற்கு உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் போகட்டும். பி12 என்ற வைட்டமின் பயறில் கிடையாது. அதனால் முட்டை, பால், நெத்திலியை நிறுத்தச் சொல்லவில்லை. நான்கு ஞாயிற்றில் இரண்டை மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். புரட்டாசி முழுக்கக் கறி இல்லாமல் ஓட்டுகிற வீடுகள் நம்மில் எத்தனை!

மண்ணுக்கும் இது நல்லது. பயறுச் செடியின் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், யூரியா செலவு குறையும். நெல் வயலின் மிச்ச ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிற வழக்கத்தில் இந்தப் பலனும் உண்டு. ஆடு மாடு அசைபோடும்போது வருகிற மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. தண்ணீரும் கறிக்குத்தான் அதிகம் வேண்டும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி சமையல். காய்ந்த மொச்சையை இரவே ஊறப் போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நான்கைந்து விசில். ஊறவைத்தால் கேஸும் மிச்சம், வாயுத் தொல்லையும் குறையும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடாதீர்கள், பி1 சத்து போய்விடும். புளியும் தக்காளியும் மொச்சை வெந்த பிறகுதான், முன்னால் போட்டால் வேகவே வேகாது. பிறகு கறிக்குழம்புக்கு என்ன அரைப்பீர்களோ அதையே அரையுங்கள்: தேங்காய், சோம்பு, பட்டை, கிராம்பு. இஞ்சி பூண்டைத் தாராளமாக வதக்குங்கள். இரண்டு கத்தரிக்காய் சேர்த்தால் இன்னும் ருசி. அந்த அக்கா வீட்டில் இப்படித்தான் செய்தார். மசாலா வாசனைக்கே அவர் வந்து உட்கார்ந்துவிட்டாராம். தட்டைத் தள்ளவில்லை. "கறி எங்கே" என்று மட்டும் கேட்டாராம்!

சிவப்பு ராஜ்மா வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, நன்றாகக் கொதித்து மசியும்வரை வேக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

தனித்தனியாகக் கால் கிலோ வாங்குவதைவிட, குழுவாகச் சேர்ந்து தாம்பரம் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் விலை இன்னும் குறையும். வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வையுங்கள், வண்டு வராது.