லைற் மங்கினதா, தம்பி?

திருக்கேதீஸ்வரம்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டு முற்றத்தில் வைத்து ஹைலக்ஸ் பிக்கப்புக்கு ஸ்ராட்டர் மோட்டர் மாற்றின கதையை நாலு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தீர். முதல் தரம் வாசிக்கும்போது கோபம் வந்து பாதியில் மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மிச்சத்தை வாசித்தேன். பற்றரி நெகற்றிவ்வை முதலில் கழற்றினது, மேல் போல்ற்றை எட்டிப் பிடித்த விதம் எல்லாம் உமக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அதை விடுவோம்.

கோபம் முதல் பக்கத்தில். "திறப்பைத் திருப்பினேன், டக் என்றது, மோட்டர் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர். மோட்டர் போனதென்று உமக்கு யார் சொன்னது? அந்த 'டக்' நேரம் லைற் மங்கினதா, இல்லையா? நாலு பக்கத்திலும் தேடினேன், அது இல்லை. நன்றாக மங்கினால் பற்றரியை, அதன் தலைகளை, இறுகின மோட்டரைப் பார்க்கவேணும். மங்காவிட்டால் பெரும்பாலும் சந்தேகம் இரண்டுதான்: ஒன்று எர்த், மற்றது சொலனாய்டுக்குள் இருக்கிற செப்புத் துண்டுகள்.

எர்த் என்றதும் நீர் சிரிப்பீர். "ஐயா தொடங்கிவிட்டார்" என்பீர். சிரியும். இந்தக் கரையில் வாகனத்தைக் கொல்லுவது ஓட்டமல்ல, உப்புக்காற்று. தள்ளாடிப் பாலத்தால் தீவுக்குப் போய் மீன் ஏற்றி வருகிற பிக்கப்பில் என்ஜினையும் சேசியையும் இணைக்கிற அந்தப் பின்னல் பட்டியை எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறார்கள்? வெளியே பார்க்கப் பட்டி முழுசாக இருக்கும். போல்ற்றைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடி கொட்டும். 200 ஆம்பியர் ஓடுகிற வழியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கே தின்னப்பட்டுவிடும். மீற்றரின் ஒரு முனையை என்ஜின் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் நெகற்றிவ் தலையிலும் வையும். யாரையாவது திறப்பைத் திருப்பச் சொல்லும். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் கள்ளன் அங்கேதான். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் பஞ்சிகாவத்தையிலிருந்து மோட்டர் எடுப்பித்தீர். சாமான் மாற்றுவது கடைக்காரனுக்கும் தெரியும் தம்பி. பிழை தேடுகிறவன்தான் தொழிலாளி.

இன்னொன்று. ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுத்ததாக எழுதியிருக்கிறீர். எங்கள் முற்றம் மணல். அடுத்த தரம் பனங்குற்றி இரண்டு வையும். இதற்கு மேல் இதைப்பற்றி எழுதினால் கை நடுங்கும்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று கேட்பீர். 1990க்குப் பிறகு யுத்தத்தால் மடுப் பக்கம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பெற்றோலும் தடை, பற்றரியும் தடை. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை ஹாண்டில் சுற்றித்தான் எழுப்பினோம். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல். பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டம். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கவேணும். எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கையில் விரல் முறியும். என் வலது பெருவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. 1912இல் கெட்டரிங்கின் மின்சார ஸ்ராட்டர் கடிலாக் காரில் ஏறியதென்று படித்தபோது, எண்பது வருஷம் பிந்தி நான் அந்த மனிசனைக் கும்பிட்டேன். அப்படிக் கும்பிட்டு வாங்கின சாமானை ஒரு 'டக்'குக்காகக் கழித்துவிட மனம் வருமா? 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருஷமும் கட்டுக்கரைக்குளத்து நெல்லைச் சுமந்தது இந்தக் கிழட்டுப் பிக்கப்கள்தான்.

சரி, ஏச்சு முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் ஓரிடம். மோட்டரைக் கழற்றின ஓட்டைக்குள் ரோச் அடித்து, கிராங்க் புல்லியைக் கையால் மெல்லச் சுற்றி, பிளைவீல் பல்வளையம் முழுவதையும் பார்த்திருக்கிறீர். "இரண்டு இடத்தில் மட்டும் பல் தேய்ந்திருக்கிறது, எதிரெதிராக" என்று ஒரு வரி. ஏன் என்று உமக்குத் தெரியவில்லை, ஆனாலும் எழுதி வைத்தீர். நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது அமுக்கம் தடுத்து அநேகமாக அந்த இரண்டு இடத்தில்தான் நிற்கும். ஸ்ராட்டர் பல் எப்போதும் அங்கேயே வந்து கடிக்கும். என்னிடம் தொழில் பழகின ஒரு பொடியனும் அந்த ஓட்டைக்குள் தானாக எட்டிப் பார்த்ததில்லை. அந்த வரியை மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன்.

கழற்றின மோட்டரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதேயும். கொண்டு வாரும், சொலனாய்டைத் திறந்து பார்ப்போம். செப்புத் துண்டு தேய்ந்திருந்தால் என் பழைய தகர டப்பாவில் மாற்று இருக்கிறது. தேயாமல் இருந்தால் நான் எதுவும் பேசமாட்டேன், உம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புறப்படமுன் எர்த் பட்டியைக் கழற்றி எமரித் தாள் போடும். வழியில் நின்றால் தள்ள வரமாட்டேன், முழங்காலும் போய்விட்டது.

அன்புடன்,
பழைய கராஜ்காரன்