சவரக்கத்தி வாங்கப் போகிறீர்களா? லேபிளைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

அன்று காலை என் முன்னால் வந்து உட்கார்ந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாடைக்குக் கீழே கழுத்து முழுக்கச் சீழ்க் கொப்புளங்கள். அதில் ஒன்று எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது.

"பத்து நாளாச்சுங்க டாக்டர். புதுசா ஒரு சவரக்கத்தி வாங்குனனுங்க. எங்கப்பா அந்த மாதிரிக் கத்தியிலதான் சவரம் பண்ணுவாருங்க. அந்த ஞாபகத்துல வாங்கினது. அசல் ஜெர்மனிங்க... கத்தியிலேயே எழுதியிருக்குதுங்க!"

சர்க்கரையைப் பார்த்தால் முந்நூறைத் தொட்டு நிற்கிறது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். கட்டியைக் கீறிச் சீழை எடுக்க, உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். புண் ஆறிய பிறகு, "அந்தக் கத்தியைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றேன்.

கொண்டு வந்தார். மேஜைக் கண்ணாடி மேல் கத்தியைப் படுக்க வைத்தேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. அவருக்கே புரிந்துவிட்டது. "லேபிள் தைக்கிற ஊர்ல இருந்துகிட்டு, லேபிளைப் பார்த்து ஏமாந்துட்டனுங்களே!" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். திருப்பூர்க்காரர் யாராவது லேபிளை மட்டும் பார்த்து பனியன் வாங்குவாரா? துணியைக் கையில் கசக்கிப் பார்ப்பார், ஜி.எஸ்.எம். கேட்பார், தையலைத் திருப்பிப் பார்ப்பார். கத்திக்கும் அதே புத்திதான் வேண்டும்.

மோசமான கத்தி என்ன செய்யும்?

நல்ல கத்தி முடியை அறுக்கும். மோசமான கத்தி முடியை இழுக்கும். இழுத்தால் வலிக்கும். வலித்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோலின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் சீவப்பட்டு, மயிர்க்கால்கள் வழியே கிருமிகள் உள்ளே போகும். பிறகு கொப்புளம், சீழ், கட்டி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் முற்றும், ஆற நாளாகும். ஆகவே கத்தியின் தரம் என்பது வெறும் பண விஷயமல்ல, உடம்பு விஷயம்.

முதலில், அது சவரக்கத்திதானா?

இன்று சலூன்களில் பெரும்பாலும் இருப்பது, பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்தும் கத்தி. பார்வைக்குப் பழைய கத்தி மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் பிடிதான், வெட்டுவது பிளேடு. ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடுவதால் சலூனுக்கு அதுவே நல்லது. அதை "அசல் சவரக்கத்தி" என்று அதிக விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். அசல் கத்தியில் அலகு ஒரே எஃகுத் துண்டு. தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

பெயரை நம்பலாமா?

சவரக்கத்திக்குப் பேர்போன ஊர்கள் இரண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன். ஒரு காலத்தில் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்றார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். இத்தகைய புகார்களால்தான் 1887-ல் பிரிட்டன் வணிகக் குறியீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை அப்படிப் பிறந்ததுதான். மட்டச் சரக்கு என்று காட்ட வந்த முத்திரை, பிற்காலத்தில் உயர்ந்த சரக்குக்கு அடையாளமாகிவிட்டது!

பிறகு சோலிங்கன் பெயரையே மற்றவர்கள் போலியாகப் போட ஆரம்பித்தார்கள். 1938-ல் ஜெர்மனி அந்தப் பெயருக்கே தனிச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. முக்கியமான தயாரிப்பு வேலைகள் எல்லாம் சோலிங்கன் பகுதியிலேயே நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஆனால் சட்டம் எங்கோ இருக்கிறது, பொறிக்கும் இயந்திரம் எங்கும் இருக்கிறது. 'ஜெர்மனி', 'ஜெர்மன் ஸ்டீல்' என்று மட்டும் இருந்து, தயாரித்த கம்பெனியின் பெயரோ ஊரோ இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

நல்ல எஃகு வெளிநாட்டுக்கே சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். நம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. தென்னாட்டு உருக்கு எஃகை லண்டன் கத்தித் தொழிலாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் மெச்சினார். அவரும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வை 1820-ல் வெளியிட்டார்கள். எஃகுக்குப் பதம்தான் முக்கியம், பாஸ்போர்ட் அல்ல.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கண்ணாடியைத் தொட வேண்டும். மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஆடினாலும், நடுவில் வெளிச்சம் தெரிந்தாலும் அலகு கோணல். கோணல் கத்தியை எந்தச் சாணைக்காரராலும் எளிதில் திருத்த முடியாது.

2. முதுகைப் பாருங்கள். தீட்டும்போது கத்தியின் சரிவைத் தீர்மானிப்பது முதுகின் கனம்தான். பழைய கத்தியில் முதுகு ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால், வாயும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

3. வாயின் கோட்டைப் பாருங்கள். நேராகவோ, லேசாக வெளிப்புறம் வளைந்தோ இருக்கலாம். நடுவில் குழிந்திருந்தால் வேண்டாம்.

4. விரிசல் தேடுங்கள். துணியில் இழை எண்ணும் பூதக்கண்ணாடி உங்கள் வீட்டிலேயே இருக்குமே! அதை எடுத்துப் போங்கள். வெளிச்சத்தில் கத்தியைச் சாய்த்தால், வாயருகில் மயிரிழை மாதிரி கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

5. நிறத்தைப் பாருங்கள். வாயருகில் நீலம் பாரித்திருந்தால், சாணைச் சக்கரத்தில் சூடேறி எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அது கூர் தாங்காது.

6. மடக்கிப் பாருங்கள். வாய், கைப்பிடியின் நடுவில் விழ வேண்டும். பக்கத்தில் உரசினால் கூர் கெடும். ஆணி தளர்ந்திருந்தால் கத்தி கையில் ஆடும்.

"காந்தம் ஒட்டுது பாருங்க, அசல் எஃகு!" என்பார்கள். சாதாரண ஆணியிலும் காந்தம் ஒட்டும். இது சோதனையே அல்ல. வானவில் பூச்சு, தங்க முலாம், அலை அலையான கோலம் இவையும் அப்படித்தான். அமிலத்தால் எந்த இரும்பிலும் கோலம் போடலாம்.

கார்பன் எஃகு நன்றாகத் தீட்ட வரும், ஆனால் ஈரம் பட்டால் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு பராமரிக்கச் சுலபம், தீட்டச் சற்றுச் சிரமம். பழகுபவர்களுக்கு அலகின் அகலம் ஐந்தெட்டு அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் போதும்.

இன்னொன்று. புதுக் கத்திகள் பலவும் கடையிலிருந்து வரும்போதே சவரத்துக்குத் தயாராக இருப்பதில்லை. நேர்த்தியான கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்த பிறகே முகத்தில் வைக்கலாம். தீட்டத் தெரிந்த ஆள் கைவசம் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த கத்தியும் வீண்தான்.

கைப்பிடியிலும் கவனம்

பழைய கத்தியின் கைப்பிடியில் கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். அது காலப்போக்கில் சிதைந்து, வெளிவரும் வாயுவால் அலகையே அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். "யானைத் தந்தம்" என்று சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம்.

பழைய கத்தியா? ஜாக்கிரதை!

மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ்-பி வைரஸ், உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே அடுத்தவர் பயன்படுத்திய கத்தியைத் துடைத்துவிட்டு அப்படியே முகத்தில் வைக்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கைப்பிடியைக் கழற்றி, அலகைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, உடனே துடைத்துக் காயவைத்துத் தீட்டச் சொல்லுங்கள். கொதிநீரால் எஃகின் பதம் கெடாது. நெருப்பில் காட்டினால் கெட்டுவிடும்.

அதேபோல், ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும்தான். அப்பாவும் மகனும்கூடப் பங்கு போடக் கூடாது.

யாருக்கு வேண்டாம்?

கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பருவோ சீழ்க் கொப்புளமோ இருப்பவர்கள் இந்த ஆசையைத் தள்ளி வையுங்கள்.

மற்றவர்கள், முகத்தை வெந்நீரில் நனைத்து, முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுங்கள். சவரத்துக்குப் பின் ஈரப் படிகாரக் கல்லை லேசாகத் தடவலாம். சின்னக் கீறலைத் திரிபலா கஷாயத்தை ஆறவைத்துக் கழுவலாம். ஆனால் வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நம் கட்டிங் மாஸ்டர் அடுத்த முறை வந்தபோது, பெட்டியிலிருந்து அப்பாவின் கத்தியைத் தேடி எடுத்து வந்திருந்தார். இருவரும் சேர்ந்தே சோதித்தோம். அலகு நேராக இருந்தது. முதுகு சமமாகத் தேய்ந்திருந்தது. ஆனால் வாயருகே துரு ஆழமாகக் குழி பறித்திருந்தது.

"ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. எண்ணெய் போட்டு ஞாபகமா வச்சுக்குங்க. சவரத்துக்கு, சர்க்கரை குறையற வரைக்கும் சாதா ரேசர் போதும்."

சிரித்துக்கொண்டே துணியில் சுற்றி எடுத்துப் போனார். கழுத்தில் தழும்பு மட்டும் மிச்சம். உங்களுக்கு அந்தத் தழும்பும் வேண்டாமே!