மண்ணே முதல்: மும்பை வீட்டில் ஒரு காய்கறித் தோட்டம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்களிலும் இந்தச் சொல் இன்னும் வழங்குகிறது. தாமிரபரணிக் கரையில் அதற்குப் பொருள் உண்டு. ஆடி மாதத்தில் மலையில் பெய்யும் மழை ஆற்று நீராக வந்து சேரும், சமவெளியிலோ மழை குறைவு, விதைத்தது அழுகாது. மும்பையின் நிலை வேறு. இங்கே ஜூலை மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. திறந்த மாடியில் தொட்டியிலிட்ட கீரை விதை அம்மழையில் அடித்துச் செல்லப்படும். தப்பி முளைத்த நாற்றும் வேரழுகி மடியும்.

புதிதாகத் தோட்டம் போட விரும்புவோர் பலர், முதல் மழையைக் கண்ட ஆர்வத்தில் தொட்டி, விதை, உரம் அனைத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுகின்றனர். ஆகஸ்டு மாதத்தில் வெறுந்தொட்டிகள் மூலையில் கிடக்கின்றன. செலவான பணத்தைக்கூட மறந்துவிடலாம். ‘நமக்கு இது கைவராது’ என்ற எண்ணம் நிலைத்துவிடுவதே பெரிய இழப்பு. இவ்விழப்பைத் தவிர்க்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

முதலும் வட்டியும்

தமிழில் ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும் மூலதனம் என்றும் இரு பொருள் உண்டு. தோட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் மண்ணையே குறிக்கும். மண் முதல், விளைச்சல் அதன் வட்டி. அடுக்குமாடியில் வாழும் நம்மிடம் இந்த முதல் இல்லை. ஆனால் அதனை ஆக்குவதற்கான பொருள் நம் சமையலறையிலேயே நாள்தோறும் சேர்கிறது.

இதற்கு நம் நகரிலேயே தக்க சான்று உண்டு. மும்பைத் துறைமுகக் கழகத்தின் மையச் சமையற்கூடம் நாள்தோறும் ஏராளமான ஊழியர்களுக்கு உணவு சமைத்து வந்தது. அங்கே உணவுப் பிரிவு அதிகாரியாகப் பணியாற்றிய பிரீத்தி பாட்டீல், சமையற்கூடக் கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக, 2002ஆம் ஆண்டில் அக்கட்டடத்தின் மொட்டை மாடியில் தோட்டம் தொடங்கினார். நகர வேளாண்மையைப் பரப்பிவந்த டாக்டர் ஆர்.டி. தோஷியின் முறை அவருக்கு வழிகாட்டியது. காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் கரும்புச் சக்கையும் மட்கி மண்ணாயின. அதில் கீரையும் காய்கறியும் மட்டுமின்றிப் பழமரங்களும் வளர்ந்தன. பின்னர் அவரும் நண்பர்களும் சேர்ந்து ‘அர்பன் லீவ்ஸ்’ என்ற அமைப்பின் வழியே இம்முறையைப் பொதுமக்களுக்குக் கற்பித்தனர்.

தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் விரிந்துள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவும் இதே பாடத்தைப் பெரிய அளவில் சொல்கிறது. ஒரு காலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, இன்று காடாக நிற்கிறது.

ஆக, நம் தோட்டப் பணியின் வரிசை இதுதான்: மழைக்காலத்தில் மண்ணை ஆக்குதல், மழை ஓய்ந்தபின் விதைத்தல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மண் ஆக்கும் காலம்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்து வைக்குமாறு கூறின. பிரிக்கும் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். மூடியுள்ள பழைய வாளிகள் இரண்டை எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, மழை படாத இடத்தில் செங்கல்மேல் வைப்போம். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாகக் காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, கிழித்த அட்டைத் தாள் இவற்றுள் ஒன்றைத் தூவுவோம். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் மட்குதல் விரைவாகும். எண்ணெய்ப் பண்டம், உப்பிட்ட குழம்பு, இறைச்சி, மீன் ஆகியவற்றைச் சேர்த்தல் கூடாது.

வாரம் இருமுறை கிளறுவோம். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; உலர்ந்த பொருளைக் கூட்டினால் தீரும். ஒரு வாளி நிறைந்ததும் அதனை மூடி வைத்து அடுத்ததைத் தொடங்கலாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில், முதல் மழை பெய்த மண்ணின் வாசனையுடன் கரிய மட்கு உரம் கிடைக்கும்.

இக்காலத்திலேயே வெயிலையும் கணக்கெடுக்க வேண்டும். மழை விட்ட நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, இரண்டு மணிக்கு ஒருமுறை, பால்கனியில் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வோம். தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற காய்ப்பயிர்களுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. கீரைகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். குளிர்காலத்தில் கதிரவன் தென்புறம் சாய்வதால் தெற்கு நோக்கிய பால்கனிக்கு வெயில் கூடும். வடக்கு நோக்கியதற்குக் குறையும். அத்தகைய வீட்டில் கீரையுடன் நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

மொட்டை மாடியைப் பயன்படுத்துவோர் இரண்டைக் கருத வேண்டும். முதலாவது, மாடி பொதுச்சொத்து; சொசைட்டியின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் ஒரு தொட்டியும் ஏற்றக் கூடாது. இரண்டாவது, எடை. 20 லிட்டர் கொள்ளும் பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். ஐம்பது பைகள் என்றால் ஒன்றரை டன். பழைய கட்டடங்கள் நிறைந்த செம்பூர், மாட்டுங்கா பகுதிகளில் இதனை எளிதாகக் கருதலாகாது. தொட்டிகளைச் சுவரோரமாக, செங்கல்மேல், அடியில் தட்டு வைத்து அடுக்கினால் தளத்தில் நீர் தேங்காது; கீழ்வீட்டாருடன் மனத்தாங்கலும் நேராது. பால்கனிக் கம்பியின் வெளிப்புறத்தில் தொட்டி தொங்கவிடுவது தெருவில் செல்வோருக்கு ஆபத்து.

அக்டோபர்: ஐந்து தொட்டிகள் போதும்

முதல் ஆண்டுக்கு நாம் பரிந்துரைப்பது ஐந்தே தொட்டிகள்: கீரைக்கு 10 லிட்டர் அளவுள்ள அகன்ற தட்டுகள் இரண்டு, தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 20 லிட்டர் தொட்டிகள் மூன்று. ஆக, 80 லிட்டர் கலவை தேவை. மட்கு உரம், செம்மண், அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்கு கலப்போம். மட்கு உரத்தின் பங்கு ஏறக்குறைய 27 லிட்டர். மழைக்காலத்தில் சேர்த்தது இதற்குப் போதுமானது. மண்தொட்டி விரும்புவோருக்குத் தாராவியின் கும்பார்வாடா அருகிலேயே உள்ளது. எதுவாயினும் அடித்துளை இருப்பது கட்டாயம்.

முதல் விதைப்பு வெந்தயமாக இருக்கட்டும். மும்பைச் சந்தையில் சிறு கட்டுகளாக விற்கப்படும் ‘சமுத்ர மேத்தி’யை நாம் அறிவோம், கடற்கரை மணலில் விளைந்து இளமையிலேயே பிடுங்கப்படும் வெந்தயக் கீரை அது. அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தை இரவு ஊறவைத்துத் தூவினால் இரண்டு வாரத்தில் அதே கீரை நம் வீட்டில் கிடைக்கும். இரண்டாம் தட்டில் ஒரு வாரம் கழித்து விதைப்போம். மொத்தமாக விதைத்து ஒரே நாளில் அறுப்பதைவிட, தொடர் வைப்புக் கணக்கைப் போலச் சிறிது சிறிதாக இடுவது நன்று. முதிர்வும் முறையாக வந்துகொண்டிருக்கும். கொத்தமல்லிக்கு அக்டோபர் வெக்கை ஆகாது. நவம்பர் பாதிவரை பொறுத்து, விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும்.

தக்காளி நாற்று அக்டோபரில் விடப்பட்டால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் தொட்டிக்கு மாறி, குளிர்ந்த இரவுகளில் பூத்து, தை மாத வாக்கில் காய்க்கும். இரவு வெப்பம் மிகுந்தால் தக்காளிப் பூ உதிரும். ஆதலால் மும்பையில் குளிர்காலமே அதற்கு உரியது. வெண்டையும் கொத்தவரையும் பிப்ரவரிக்குப் பிறகு விதைக்க ஏற்றவை.

நீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பார்ப்போம். ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். அரிசி கழுவிய நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம். மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிப்போம்.

தேய்மானக் கணக்கு

இயந்திரத்திற்குத் தேய்மானம் எழுதுவது கணக்கியல் வழக்கம். மண்ணுக்கும் அது உண்டு. முதல் அறுவடை செழித்து, இரண்டாவது மெலிந்து, மூன்றாவதில் தோட்டமே கைவிடப்படுவதற்குக் காரணம், மண்ணிலிருந்து எடுத்த சத்தைத் திரும்ப வைக்காததே. வட்டி என்று எண்ணி முதலையே உண்டுவிடுகிறோம். ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் தொட்டிக்கு நான்கு கைப்பிடி மட்கு உரம் இட்டு, அடுத்த முறை வேறு குடும்பப் பயிரை வைப்போம். தக்காளி இருந்த இடத்தில் கத்தரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். அவற்றின் நோய்களும் பெரும்பாலும் பொதுவானவை.

ஒரு சிறு குறிப்பேட்டில் விதைத்த நாள், பறித்த நாள், பறித்த அளவு, செலவு ஆகியவற்றை எழுதிவருவோம். ஐந்து தொட்டிகள் குடும்பத்தின் காய்கறிச் செலவை முற்றும் நீக்கிவிடும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நன்றாக விளைந்தது எது, விளையாதது எது என்பதை அக்குறிப்பேடு சொல்லும். ஆறாவது தொட்டி வேண்டுமா என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

முதல் ஆண்டு முடிந்து மே மாத இறுதி வரும்போது, காலியான தொட்டியொன்றில் மஞ்சள் கிழங்கு ஒன்றை ஊன்றிவைப்போம். நீர் வடியும் தொட்டியில் அது மும்பை மழையைத் தாங்கும். எட்டு மாதம் கழித்து, தாராவித் தெருக்களில் பொங்கல் பானைகள் வரிசையாக ஏறும் நாளில், பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்து நம் வீட்டு மண்ணிலிருந்தே கிடைக்கும்.