பனி கடந்த மிளகாய்ச் செடி

தமிழர் சமையலறையில் மிளகாய் இல்லாத நாள் இல்லை எனலாம். ஆயினும், அஃது இந்நாட்டிற்குத் தொன்றுதொட்டு உரிய பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியாகும். மிளகு முதலிய நறும்பொருள்களை நாடி 1492-ஆம் ஆண்டில் கடலோடிய கொலம்பசு, கரிபியத் தீவுகளில் இக்காயைக் கண்டார். பின்னர், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். மிளகைப் போல் உறைத்த அக்காயைத் தமிழர் ‘மிளகாய்’ என வழங்கினர்.

சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் இலின்னேயசு, 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மிளகாயின் ஓர் இனத்திற்கு ‘ஓராண்டுச் செடி’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். உண்மையில் மிளகாய் ஓராண்டில் மடியும் இயல்பினது அன்று. பனி உறையாத இடங்களில் அஃது அடித்தண்டு மரம்போல் தடித்துச் சில ஆண்டுகள் வாழவல்லது. குளிர்நாடுகளிலோ, உறைபனி வீழும் இரவே அதன் வாழ்நாளுக்கு எல்லையாகிவிடுகின்றது. பனியால் நேரும் சாவையே செடியின் இயல்பெனக் கருதுவோர் அந்நாடுகளில் பலர்.

உறைபனி செடியைக் கொல்லும் வகை யாது? குளிர் மிகுந்து வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் இறங்கும்பொழுது, இலையின் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாக உறைகின்றது. அக்கட்டி உயிரணுக்களில் உள்ள நீரையும் ஈர்த்துக்கொள்ளும். உயிரணுக்கள் வற்றிச் சிதையும். மறுநாட் காலையில் இலைகள் கருத்துத் துவண்டு தொங்கும்.

இக்கேட்டினின்று செடியைக் காக்கும் முறையை இங்கிலாந்து முதலிய நாடுகளின் தோட்டக்காரர் நன்கு அறிவர். இரவின் வெப்பநிலை 10 பாகை செல்சியசை நெருங்கும் முன்னரே, நோயற்ற செடியைத் தேர்ந்து, காய்களையெல்லாம் பறித்துவிடுவர். பின்பு வேருடன் பெயர்த்து, பழைய மண்ணை உதறி, நீண்ட வேர்களைக் குறைத்து, புதுமண் இட்ட தொட்டியில் நடுவர். அசுவினிப் பூச்சிகள் உடன் வாராதவாறு தண்டினையும் இலைகளையும் கழுவுவர். கிளைகளைக் கவாத்துச் செய்து, ஏறத்தாழ ஒரு சாண் உயரமே எஞ்சுமாறு விடுவர். அதன்பின், பனி புகாததும் மிகு வெப்பம் இல்லாததுமாகிய அறையில், ஒளி படும் பலகணி அருகே வைப்பர்.

செடி அங்கே உறங்குவதுபோல் இருக்கும். இலைகள் உதிர்தலும் உண்டு. அதுகண்டு இரங்கி, நாள்தோறும் நீர் வார்ப்பவர் அதனைத் தம் கையாலேயே கொன்றவர் ஆவர். இலையற்ற செடி நீரை மிகுதியாகப் பருகாது; ஆதலின், தேங்கிய ஈரத்தில் வேர் அழுகும். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே சிறிதளவு நீர் விடுதல் வேண்டும். எரு இடுதல் கூடாது. உயிர் உளதோ எனும் ஐயம் எழுந்தால், தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கலாம். உள்ளே பசுமை தோன்றின் உயிர் உளது என்று அறியலாம்.

இளவேனில் வந்ததும், மொட்டையாய் நின்ற தண்டில் தளிர்கள் அரும்பும். அப்பொழுது நீரையும் எருவையும் படிப்படியாக மிகுத்தல் வேண்டும். உறைபனி முற்றும் நீங்கிய பின்னர், பகலில் சிறிது நேரம் வெளியே வைத்துப் பழக்கி, ஒன்றிரண்டு வாரங்களில் தோட்டத்தில் நடலாம். வேரும் தண்டும் முன்னரே முதிர்ந்திருத்தலின், புதிதாக விதைத்த நாற்றைக் காட்டிலும் இச்செடி முந்திக் காய்க்கும். குளிர்நாட்டின் குறுகிய கோடையில் இது பெரும்பேறு ஆகும்.

கோடையில் உயிர் தரும் நீரே குளிர்காலத்தில் உயிரைக் கவர்கின்றது. கிளைகளை வெட்டும் கத்தியே செடியைக் காக்கின்றது. அன்பு மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடாது. காலமும் அளவும் அறிந்து செய்யும் பணியே அதனைக் காக்கும்.