வீட்டுக் கொட்டகையில் ஒரு கார்

புதுச்சேரி நகரில் முன்னாளில் ஓடிய வண்டிகளுள் ‘புஷ் புஷ்’ என்பது ஒன்று. ‘தள்ளு, தள்ளு’ என்னும் பொருள்பட்ட பிரெஞ்சுச் சொல்லே மக்கள் வாயில் அவ்வாறு வழங்கிற்று. கடற்கரையை ஒட்டிய நேரான வீதிகளில் பிரெஞ்சு அலுவலர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அதில் அமர்ந்து உலாவச் செல்வர். வண்டியைப் பின்னின்று ஓர் ஆள் தள்ளுவார். முன்னே இருந்த கைப்பிடியைப் பற்றி, அமர்ந்திருப்பவரே அதனை வேண்டிய பக்கம் திருப்புவார். தள்ளியவர் பட்ட மூச்சிரைப்பை முன்னே இருந்தவர் காண வேண்டிய தேவையே அவ்வண்டியில் இல்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று. புஷ் புஷ் வண்டியும் இன்று பழங்கதையாயிற்று.

ஆயினும் இக்காலத்துக் காரில் அமர்வோர் நிலையும் அதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. அவர் கையில் இருப்பது திருப்பும் சக்கரம் ஒன்றே. எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது, பிரேக் எவ்வாறு பற்றுகிறது என்பவற்றை அறியாமலே பல்லாண்டு கார் ஓட்டி முடிப்போர் மிகப் பலர். இதற்கு மாறாக, தாம் ஓட்டப்போகும் காரைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி அமைக்கும் வழக்கமும் உலகில் உண்டு. காருக்கு வேண்டிய சட்டம், அச்சு, குழாய், கம்பி, கதவு ஆகிய உறுப்புகள் பெட்டிகளில் அடுக்கப்பெற்று வந்து சேரும். இத்தொகுதியைக் ‘கிட்’ என்பர். இதனைக் கொண்டு கட்டிய கார் ‘கிட் கார்’ எனப்படும். எஞ்சின், கியர்ப் பெட்டி போன்ற விலைமிக்க உறுப்புகளைப் பெரும்பாலும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொள்வர். அப்பழைய காரைக் ‘கொடை தரும் கார்’ என்று ஆங்கிலேயர் நயமாகக் கூறுவர்.

இவ்வழக்கம் வேரூன்றிய நாடு இங்கிலாந்து. அங்கே 1940களின் பிற்பகுதியில், காலின் சாப்மன் என்னும் இளைஞர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றார். அவர் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்னாளில் தம் மனைவியான ஹேசல் என்பாரின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் அதனைப் பிரித்து, ஒட்டுப்பலகையால் புதிய உடல் அமைத்து, பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். பின்னர் உலகப் புகழ்பெற்ற லோட்டஸ் நிறுவனத்தின் முதற்கார் அதுவே. எடையைக் குறைத்தால் சிறிய எஞ்சினும் விரைந்தோடச் செய்யும் என்பது சாப்மனின் உறுதியான கொள்கை. 1957ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ என்னும் இருவர் கார் அக்கொள்கைக்கு வடிவம் தந்தது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. அதன்மேல் போர்த்திய அலுமினியத் தகடு. கூரை என்று சொல்லத்தக்க கூரை இல்லை. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

அக்காலத்து ஆங்கில அரசு புதிய கார்களின்மீது கொள்முதல் வரியை விதித்திருந்தது. ஆனால் முழுக் காராக அன்றி, உறுப்புகளாக விற்றால் அவ்வரி இல்லை. செவன் காரை உறுப்புத் தொகுதியாக விற்றதற்குக் காரணம் இதுவே. உறுப்புகளோடு, அவற்றைப் பூட்டும் முறையைக் கூறும் குறிப்பேட்டினைத் தந்தால் அதுவும் முழுக் காராகவே கருதப்பட்டு வரி விழும் என்றொரு விதி இருந்தது. எனவே அந்நிறுவனம் காரைக் ‘கழற்றும்’ முறையைக் கூறும் குறிப்பேட்டினைத் தந்தது என்றும், வாங்கியவர் அதனைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்துக் காரைப் பூட்டிக்கொண்டார் என்றும் கூறுவர். வரி விதித்தவர் அறிவையும், அதனைத் தாண்டியவர் அறிவையும் ஒருங்கே காட்டும் செய்தி இது. 1973ஆம் ஆண்டில் வேறு வரி வந்து இச்சலுகை மறைந்தது. அவ்வாண்டிலேயே செவன் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்னும் நிறுவனத்திடம் சென்றது. வரிச்சலுகை போய் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நிறுவனம் அக்காரைத் தொகுதியாக விற்றுவருகிறது. மக்கள் வாங்கிப் பூட்டுகின்றனர். அவர்களை ஈர்த்தது வரி மட்டும் அன்று என்பது இதனால் புலனாகும்.

பூட்டும் வேலைக்கு ஒழுங்கான வரிசை உண்டு. முதலில் சட்டத்தைத் தாங்கிகளின்மேல் மட்டமாக நிறுத்துவர். மட்டம் தவறினால் பின்னர் வருவன யாவும் தவறும். அதன்பின் வில்லும் அச்சும், பிரேக் குழாய்களும், எஞ்சினும், மின்கம்பிகளும் முறையே ஏறும். ஒவ்வொரு திருகாணியையும் இன்ன அளவு இறுக்கவேண்டும் என்னும் கணக்கு உண்டு. அதனை அளந்து காட்டும் தனித் திருகுக்கருவியும் உண்டு. தளர்வாக இருந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஆணியின் புரி அறுந்துபோகும்.

காரின் உடல் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆகியது. ‘பைபர்’ என்று நாம் வழங்குவது அதுவே. புதுச்சேரி மாணவர் இதனைக் காண இங்கிலாந்து செல்ல வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்துக்கோ வீராம்பட்டினத்துக்கோ சென்றால் போதும். மணலில் ஏற்றிவைத்துள்ள மீன்பிடி படகுகள் அப்பொருளால் ஆனவையே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் கட்டுமரங்கள் பெரிதும் குறைந்து, பைபர் படகுகள் பெருகின. வேண்டிய வடிவில் அச்சு ஒன்றைச் செய்து, அதனுட்புறம் மெழுகு தடவி, கண்ணாடி இழைப் பாயை விரித்து, கெட்டிப்படுத்தும் மருந்து கலந்த பிசினை அதன்மேல் தோய்ப்பர். பிசின் சூடேறி இறுகும். இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக இட்டு, இறுகியபின் அச்சிலிருந்து பெயர்த்தெடுப்பர். படகுக்கும் காருக்கும் முறை ஒன்றே; அச்சுதான் வேறு. இரும்பைத் தின்னும் உப்புக் காற்று பைபரைத் துருப்பிடிக்கச் செய்வதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்துக்கு அக்காப்பு இல்லை. ஆதலின் கடலோர ஊரில் கார் கட்டுவோர் பளபளக்கும் உடலைவிட, கண்ணுக்குத் தெரியாத சட்டத்தின் வண்ணப்பூச்சிலேயே மிகுந்த கவலை கொள்ளவேண்டும். பிசினின் ஆவி மூச்சுக்குத் தீங்கு செய்வது. காற்றோட்டமில்லா அறையில் அவ்வேலையைச் செய்தல் ஆகாது.

அச்சு கிடைத்துவிட்டால் எவ்வடிவத்தையும் பெறலாம் அன்றோ? பழைய புகழ்பெற்ற கார்களின் மறுபடிவங்கள் இவ்வாறே தோன்றின. அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, இதய நோயால் பந்தயத்தை விட்டு விலகியபின், 1962ஆம் ஆண்டில் ஏ.சி. என்னும் ஆங்கில நிறுவனத்தின் மெல்லிய காரினுள் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். ‘கோப்ரா’ எனப் பெயர்பெற்ற அக்கார் ஏறத்தாழ ஆயிரம் அளவிலேயே செய்யப்பட்டது. அதன் மறுபடிவங்களோ அதனைப் போல் பன்மடங்கு. மூலக் காரின் உடல் அலுமினியத்தால் ஆகியது. மறுபடிவங்களின் உடல் பெரும்பாலும் பைபர். மறுபடிவத்தை மறுபடிவம் என்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. அதனை மூலமென்று கூறி விற்பது வஞ்சகம்.

நம் நாட்டில் இவ்வேட்கை இல்லாமற் போகவில்லை. 1893ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் வெள்ளை அலுவலர் ஒருவர் ஏறிவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனைப் பெறும் பொருட்டுக் கோயம்புத்தூர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, மூன்றாண்டு பொருள் சேர்த்து, ரூ. 300க்கு அதனை வாங்கினார் என்பர். வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினார் அல்லர்; முதலில் அதனைப் பிரித்துப் பரப்பினார். பிரிப்பதும் பூட்டுவதுமாய்ப் பலமுறை பயின்றார். பள்ளிப் படிப்பில் நில்லாத அவருக்கு அவ்வண்டியே பாடநூலாயிற்று. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை வளர்த்தார். 1952ஆம் ஆண்டளவில் ரூ. 2,000 விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றையும் அமைத்துக் காட்டினார். அதனைப் பெருக்கிச் செய்ய அரசின் உரிமம் கிட்டவில்லை. அக்கார் நம் வீதிகளுக்கு வராமலே போயிற்று.

அதே கோயம்புத்தூரில் 1954இல் பிறந்த எஸ். கரிவரதன் வேறு வழியைக் கண்டார். ஆலை உரிமையாளர் குடும்பத்தில் தோன்றிய அவர் பந்தய வீரராயும், பந்தயக் கார் அமைப்பவராயும் விளங்கினார். வெளிநாட்டுப் பந்தயக் கார் நம் இளைஞர்க்கு எட்டாக் கனி. ஆனால் 1983ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த மாருதி 800 காரின் உறுப்புகளோ ஊர்தோறும் கிடைத்தன. 1980களின் பிற்பகுதியில் அச்சிறு காரின் எஞ்சினைக் கொண்டு ஒருவர் அமரும் பந்தயக் காரைக் கரிவரதன் அமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்பது அதன் பெயர். அக்காரில் பழகியவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதனைக் காண இல்லை. 1995ஆம் ஆண்டு வானூர்தி விபத்தில் அவர் உயிர் நீத்தார்.

பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு வீதிப் பதிவு வேண்டா. வீட்டில் கட்டிய காரைப் புதுச்சேரி நேரு வீதியில் ஓட்ட விரும்பினால் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவில்லாத வண்டி பொதுவழியில் செல்லலாகாது. புதிய வகை வண்டி ஒன்றைச் செய்பவர் அதன் மாதிரியை, அரசு ஏற்ற சோதனை நிலையம் ஒன்றில் ஒப்படைத்துத் தேறவேண்டும். புனே நகரிலும் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. இவ்விதிகள் பல்லாயிரம் வண்டிகளைச் செய்யும் ஆலைகளைக் கருதி எழுந்தவை. ஒரே ஒரு வண்டியைக் கட்டும் தனியொருவர்க்கு அச்செலவு மலையளவு. பழைய காரின் பதிவை வைத்துக்கொண்டு உருவை மாற்றிக்கொள்ளலாம் எனின், செய்தவர் குறித்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 1998இல் தொடங்கித் தனி வண்டிக்கென்றே ஒரு தேர்வு முறை உண்டு; 2009இல் அது மேலும் கடுமையாயிற்று. ஆய்வாளர் அவ்வொரு காரின் பிரேக்கையும், விளக்கையும், வெளியே நீட்டிய கூர்விளிம்புகளையும் தொட்டுப் பார்த்துச் சான்று தருவார். நம் நாட்டிலும் இத்தகைய வழி வேண்டுமென்பது நியாயமான விருப்பமே. ஆனால் தேர்வே வேண்டா என்பது அறியாமை.

ஏனெனில் பிரேக் எவ்வாறு பற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மிதியை அழுத்தினால், குழாயில் நிறைந்த நெய்மம் அவ்வழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசெல்லும். நெய்மம் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்பதே அதன் அடிப்படை. காற்றோ சுருங்கும். பூட்டும்போது குழாயினுள் காற்றுக்குமிழ் தங்கிவிட்டால், மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. கட்டியவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். எதிரே சைக்கிளில் வரும் சிறுவன் அதற்கு உடன்பட்டவன் அல்லன்.

இப்போது நம் பொறியியற் கல்லூரி மாணவர்கள் தாமே கார் கட்டிப் போட்டியிடுகின்றனர். 2007ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில், கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கான போட்டி தொடங்கிற்று. தட்டையான தடத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்களுக்கான ‘ஃபார்முலா பாரத்’ என்னும் போட்டி கோயம்புத்தூரில் நடைபெற்று வருகிறது. அங்கே ஓட்டத்துக்கு முன் தேர்வு உண்டு. காரை ஒரு பலகையில் ஏற்றி 60 பாகை சாய்ப்பர். ஒரு சொட்டு எண்ணெயும் ஒழுகலாகாது. ஓட்டுநர் இருக்கை வாரை அவிழ்த்து 5 வினாடிக்குள் வெளியேறிக் காட்டவேண்டும். பிறகு காரை விரைந்து செலுத்தி, பிரேக்கை மிதிப்பர். நான்கு சக்கரங்களும் ஒருங்கே பற்றி நிற்கவேண்டும். மூன்று நின்று ஒன்று சுழன்றால் அக்கார் கொட்டகைக்குத் திரும்பும். மாணவர்கள் திருகாணிகளைக் கழற்றிக் குழாயிலுள்ள குமிழைத் தேடுவர். செட்டிபாளையத்தில் உள்ள அப்பந்தயத் தடம் 2003ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கரிவரதனின் நினைவாக அதற்குக் ‘கரி’ என்று பெயரிட்டுள்ளனர்.