தாதிமை மாணவரின் இரவுக் குறிப்பேடு

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. இன்றைய கட்டடத்துக்கு மாறுவதற்கு முன், 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. மகிழ்ச்சியான இடம் என்றுதான் நினைப்போம். ஆனால், குறைமாதக் குழந்தைக்காகக் கண்ணீரோடு காத்திருக்கும் பெற்றோரும் மகப்பேற்று மருத்துவமனைகளில் உண்டு. இத்தகைய இடங்களில் பயிற்சி பெறும் தாதிமை மாணவர்கள் சிலர் உங்களைவிட இரண்டு, மூன்று வயதே மூத்தவர்கள்.

நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தாதிமைப் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. வகுப்பறைப் பாடத்தோடு மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடங்கும். ஒரு மாணவி இன்று 20 பேருக்கு இரத்த அழுத்தத்தைச் சரியாக அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நோயாளி எரிந்து விழுந்தார். இரவில் படுத்ததும் அவர் நினைவுக்கு வருவது யார்? அந்த ஒருவர்தான். ராய் பௌமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2001ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நல்லதைவிடக் கெட்டதே மனத்தை வலுவாகத் தாக்குகிறது என்றனர். ஆபத்தைக் கவனிக்காத உயிர் பிழைக்காது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இந்தச் சாய்வைச் சற்றே நிமிர்த்த முடியுமா? அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005ல் ஒரு பயிற்சியைச் சோதித்தது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். அதோடு, அவை ஏன் நடந்தன என்றும் எழுத வேண்டும். “பாட்டி இன்று கஞ்சியை முழுவதும் குடித்தார். ஏன்? நான் தமிழில் பேசிக்கொண்டே மெதுவாக ஊட்டினேன்.” அந்த ‘ஏன்’தான் முக்கியம் என்பது என் எண்ணம், நல்லதில் தன் பங்கு என்ன என்பதை அது காட்டிவிடுகிறது. மற்றொரு குழு தினமும் பழைய நினைவுகளை எழுதியது. வாரம் முடிந்தபோது இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு மாதம் கழித்தே அது தெரிந்தது. ஆறு மாதம்வரை நீடித்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள், தாதிமை மாணவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது.

குறிப்பேட்டால் ஆகாததும் உண்டு. பணிநேரம் அடிக்கடி மாறினால், மூளையின் ஹைபோதலாமஸில் உள்ள உயிர்க்கடிகாரம் குழம்பும். இரவில் கண்ணில் படும் ஒளி, உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். தூக்கம் கெட்டவரிடம் ‘நல்லதை நினை’ என்பது, பசித்தவரிடம் சமையல் குறிப்பை நீட்டுவதைப் போன்றது. சீரான பணி அட்டவணையும், தவறை அவமானப்படுத்தாமல் சுட்டிக்காட்டும் மேற்பார்வையும் மாணவரால் மட்டும் ஆகிற காரியமல்ல. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நம்பகமான பெரியவரிடமோ 1771 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசலாம்.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரியுங்கள். ஒன்று மூன்று நல்ல விஷயங்களை எழுதட்டும். மற்றது பழைய நினைவுகளை. தொடங்கும்போதும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் மகிழ்ச்சிக்கு 10க்கு எத்தனை என்று பெயரின்றிக் குறித்துச் சராசரியை ஒப்பிடுங்கள்.