பழம்பொருளும் இளவேனிலும்

நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தனர். மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம். சண்டிகருக்கு வந்து படிக்கும் தமிழ் மாணவர்க்கு இந்தக் கணக்கு முதல் ஆண்டிலேயே தவறிவிடுகிறது. இங்கே தையிலோ மாசியிலோ வசந்த பஞ்சமி வந்துவிடுகிறது. மக்கள் மஞ்சள் உடுத்துகின்றனர். மஞ்சள் நிறத்தில் சர்க்கரைச் சோறு ஆக்குகின்றனர். நகர எல்லையைத் தாண்டினால் கடுகு வயல்கள் கண்ணைப் பறிக்கின்றன. மாசி முடிவதற்குள் ரஜாய்கள் வெயிலில் காய்ந்து பெட்டிக்குள் போய்விடுகின்றன. நம் இளவேனில் பாதி நடக்கும்போதோ இங்கே அனல்காற்று வீசத் தொடங்கிவிடும். ஆகவே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்துக்காக, வாடகை வீட்டின் முன்னறையைப் பிறர் கழித்த பொருள்களைக் கொண்டு அழகு செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆறு வாரத்துக்கு இவ்வளவு பாடா என்று சிலர் நகைக்கலாம். குளிர்காலம் முழுதும் சன்னலை அடைத்துக்கொண்டு, தடித்த திரைக்குப் பின்னால், மின்விளக்கின் கீழ் ஆய்வேடு எழுதியவர் எவரும் நகைக்க மாட்டார்.

இக்கலையைக் கற்பதற்குச் சண்டிகரைவிடத் தகுந்த ஊர் இல்லை. நேக் சந்த் (1924–2015) இவ்வூரில் சாலை மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். 1947 இல் நாடு பிரிந்தபோது பிறந்த ஊரை இழந்து வந்தவர். புதிய நகரைக் கட்டுவதற்காகச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அவற்றிலிருந்து கழிந்த பீங்கானையும் ஓட்டையும் வளையல் துண்டுகளையும் மிதிவண்டியில் சுமந்து சென்று, காட்டுக்குள் ஒருவருக்கும் தெரியாமல் பொம்மைகள் செய்தார். பல ஆண்டுகள் கழித்தே அதிகாரிகள் அதை அறிந்தனர். நல்லவேளையாக இடித்துத் தள்ளவில்லை. 1976 இல் அது பாறைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே வளையல் துண்டுகளால் ஆடை அணிந்து நிற்கும் பெண் பொம்மைகளை நெருங்கிப் பாருங்கள். ஒரு பொம்மைக்குச் சில நிறங்களே. கிடைத்ததையெல்லாம் அவர் கலந்து அப்பிவிடவில்லை. நம்மவர் தவறுவது இந்த இடத்தில்தான். மலிவு என்பதற்காகக் கண்டதை எல்லாம் வாங்கி வந்தால் முன்னறை காயலாங்கடையாகிவிடும். முதலில் ஒரு நிறத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். இவ்வூரில் இப்பருவத்தில் அது மஞ்சளாக இருப்பதே இயல்பு.

நாங்கள் மூவர் சேர்ந்து குடியிருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் மாற்றக் கூடாது என்பவை வீட்டுக்காரர் விதித்த இரண்டு கட்டளைகள். ஆகையால் சன்னலிலிருந்து தொடங்கினோம். அறையின் தோற்றத்தை மாற்றுவதில் ஒளிக்குள்ள ஆற்றல் வேறு எதற்கும் இல்லை. அதற்கு விலையும் இல்லை. குளிருக்காகத் தொங்கவிட்ட கனத்த திரையைக் கழற்றிவிட்டு, ஊரிலிருந்து ரஜாய்க்கு உறையாக வந்திருந்த என் அன்னையின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்தோம். கடுகு மஞ்சளும் செங்கல் நிறமும் கட்டம் கட்டமாக ஓடும் காரைக்குடிச் சேலை அது. பருத்திச் சேலை எங்கும் ஒரே சீராக நைவதில்லை. உட்காரும் பகுதியும் கணுக்காலில் உராயும் கரையுமே முதலில் போகும். முந்தானையும் அதை அடுத்த பாகமும் பல ஆண்டு கழித்தும் உறுதியாகவே இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் கண்ணாடிபோல் தெரியும். அதை வெட்டி நீக்கிவிட வேண்டும். எஞ்சியதில் ஒரு சன்னலுக்கு இரண்டு திரை தாராளமாக வரும். மேல்விளிம்பை மடித்துக் கையால் தைத்து, ஏற்கெனவே இருந்த கம்பியில் கோத்துவிட்டோம். மஞ்சள் சாயம் வெயிலின் நீலப் பகுதியை விழுங்கி மற்றதை உள்ளே விடுகிறது. அதனால் காலை பத்து மணிக்கு வெள்ளைச் சுவரே வெளிர்மஞ்சளாகிவிடுகிறது. சுவருக்கு வண்ணம் பூசியதாக எண்ணி வீட்டுக்காரர் ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்தார்!

மஞ்சளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கபாடிக் கடைகளில் மஞ்சள் வண்ணம் பூசிய பழைய பெட்டிகளும் முக்காலிகளும் கிடைக்கும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பழைய மஞ்சள் வண்ணங்களில் ஈயக் குரோமேட் பெருவழக்காகச் சேர்க்கப்பட்டது. அது நஞ்சு. உலர்ந்த வண்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூசு மூச்சோடு உள்ளே போகும். தரையில் படிந்தால் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று நம் நாட்டில் விதி வகுக்கப்பட்டது 2016 இல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முற்பட்ட பெட்டி என்றால் ஐயத்துடனேயே பாருங்கள். வண்ணம் உரிந்து செதில் செதிலாக நின்றால் வாங்கவே வேண்டாம். உறுதியாக ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மேலே புதிய வண்ணம் ஒரு பூச்சுப் பூசலாம். அல்லது துணி போர்த்தலாம்.

பித்தளையில் இந்த அச்சம் இல்லை. மாவு பிசையும் பழைய பராத் ஒன்றை எடைக்கு வாங்கினோம். கரியைப்போல் கறுத்திருந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம்; புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேலிருந்த ஆக்சைடைக் கரைத்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் இந்த வேதியியலைப் பல்கலைக்கழகம் ஏறாமலே அறிவர். அத்தட்டில் நீர் விட்டு, சாலையோரம் உதிர்ந்த முள்ளிலவம் பூக்களை மிதக்கவிடுகிறோம். இங்கே அதைச் சேமல் என்கிறார்கள். இலை ஒன்றும் இல்லாத மரத்தில் கையளவு சிவப்புப் பூ! காலையில் பொறுக்கினால் இரண்டு நாள் தாங்கும்.

இனி நாற்காலி. லெ கொர்புசியேவின் உறவினரான பியர் ழான்னரே இந்நகரின் அலுவலகங்களுக்கும் நம் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கும் பிரம்பும் கொண்ட நாற்காலிகளை வடிவமைத்தார். கால்கள் தலைகீழ் வி போல் விரிந்திருக்கும். 1965 வரை இங்கே தங்கி உழைத்தவர் அவர். அவருடைய சாம்பல் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. பிரம்பு அறுந்த நாற்காலிகளைப் பின்னாளில் அலுவலகங்கள் குப்பை என்று குவித்து ஏலம் விட்டன. அள்ளிச் சென்ற வணிகர்கள் செப்பனிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். விழித்துக்கொண்ட உள்துறை அமைச்சகம், இத்தகைய மரபுப் பொருள்களை விற்கவும் நாடு கடத்தவும் கூடாதென்று 2011 இல் ஆணையிட்டது. களவு அதன்பின்னும் நிற்கவில்லை.

சென்ற மாசியில் ஒரு கபாடிக் கடையில் அப்படி ஒரு நாற்காலியைக் கண்டேன். ஒரு கை ஒடிந்திருந்தது. முதுகுச் சட்டத்தின் பின்புறம் வெள்ளை எழுத்துகளை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். ஓர் எண்ணின் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. “சர்க்காரி மால், பக்கா தேக்கு” என்றார் கடைக்காரர். அறுநூறு ரூபாய் கேட்டார். பையில் எழுநூறு இருந்தது. மெய்யைச் சொன்னால், என் கை பைக்குள் போய்விட்டது. நாம் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கிக் கப்பலேற்றுவான் என்று மனம் வழக்காடிற்று. ஆயினும் சுரண்டிய எழுத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நாற்காலியில் எப்படி அமர்வது? திரும்பிவிட்டேன். யாரிடம் சொல்வதென்று விசாரித்து முடிப்பதற்குள் மூன்று நாள் ஓடிற்று. போய்ப் பார்த்தபோது நாற்காலி அங்கே இல்லை. உங்களுக்கு அப்படி ஒன்று தென்பட்டால் அன்றே அந்த எழுத்தைப் படம் எடுத்துப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.

பின்னர் ஒரு குடும்பத்தார் வீடு மாறும்போது விட்டுச்சென்ற சாதாரணப் பிரம்பு நாற்காலி இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதை நேரே முன்னறைக்குக் கொண்டுபோகவில்லை, மாடியிலேயே நிறுத்தினோம். காரணம் உண்டு. முந்திய ஆண்டு சோதிக்காமல் கொண்டுவந்த மெத்தை நாற்காலியால் வீடு முழுதும் மூட்டைப்பூச்சி பரவி, அறைத்தோழர் தேர்வு வாரத்தில் நூலகத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் உணவின்றி வாழும். ஆனால் வெப்பம் தாங்காது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் முட்டையும் அழியும். கொதிநீரைப் பொருத்துவாய்களிலும் பிரம்பின் இடுக்குகளிலும் மெல்ல ஊற்றினோம். மெருகு சில இடங்களில் வெளுத்தது, போகட்டும். பஞ்சு அடைத்த ஆசனமானால் இம்முறை பயன்படாது, வாங்காதிருப்பதே நலம்.

அதே வெந்நீர் இன்னொரு வேலையும் செய்தது. தொய்ந்த பிரம்பு அறுந்திராவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. பிரம்பின் நார்கள் நீரை உறிஞ்சி உப்பும். உலரும்போது சுருங்கி இறுகும். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை ஆசனத்தின் அடிப்புறத்தில் அரைமணி நேரம் பரப்பி வையுங்கள். மேற்புறம் வழவழப்பானது, நீர் எளிதில் இறங்காது. பிறகு நிழலில் உலரவிட வேண்டும். முழுதும் உலர ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகலாம். அதற்குள் எவரும் உட்கார்ந்தால் மீண்டும் குழிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்காகவே பூத்தட்டை அதன்மேல் ஏற்றிவைத்துக் காவல் காக்க வேண்டியிருந்தது.